நாட்டுத் துப்பாக்கிக்கு எந்தக் கேப் பொருந்தும்?

ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் இரவுக் காவல் இல்லாத கொல்லையைப் பார்ப்பது அரிது. யானை வரும், பன்றி வரும். டார்ச் விளக்கு, தகர டப்பா, பட்டாசு என்று பரண்மேல் உட்கார்ந்திருப்பவர்களில் மிகச் சிலரிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கியும் இருக்கும். குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய வகை அது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13வது பிரிவு, உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்கிறவர் விஷயத்தில் இந்த வகைத் துப்பாக்கியைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் வேறு வகை.

இதை வைத்திருப்பவர்களிடம் பேசினால் புகார் ஒன்றுதான். விசையை இழுத்தால் குதிரை (சுத்தியல் போல அடிக்கிற பாகம்) விழுகிறது, டிக்கென்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. உடனே, மருந்துக்குத் தீ மூட்டுகிற கேப்பைக் காட்டி ‘கேப்பு சரியில்லை’ என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். என்னைக் கேட்டால், பல நேரங்களில் கேப்பின் மேல் குற்றமே இருக்காது. கேப்புக்கும் அது உட்காரும் நிப்பிளுக்கும் அளவு ஒத்துப்போகாததுதான் காரணமாக இருக்கும். கேப்பை எப்படிப் பார்த்து எடுப்பது, எங்கே வாங்குவது என்பதெல்லாம் இதைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடுவோம். இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. தோட்டாவுக்குள் ஒன்றாக அடைந்திருக்கிற பொருள்கள் இங்கே தனித்தனி: கருமருந்து, ரவை அல்லது குண்டு, தீ மூட்டுகிற கேப். முதல் இரண்டும் குழலின் முன்வாய் வழியே போகும். பின்பக்கம் அடைப்பு. அந்த அடைப்பை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு குட்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் நிப்பிள். அதன் நடுவிலுள்ள மெல்லிய துளை நேராக மருந்து கிடக்கும் இடத்துக்குப் போகிறது. நிப்பிளின் தலையில் பேனா மூடி போலக் கவிழ்த்து வைக்கிற சின்னச் செம்புக் கிண்ணம்தான் கேப். கிண்ணத்தின் உள்ளே, அடியில், கடுகளவு வெடிகலவை ஒட்டியிருக்கும். அது உதிராமலும் ஈரம் இழுக்காமலும் இருக்க மேலே ஒரு மெல்லிய படலமோ வார்னிஷ் பூச்சோ இருக்கும். குதிரை விழும்போது கலவை நிப்பிளின் விளிம்புக்கும் குதிரையின் முகத்துக்கும் நடுவே நசுங்கிப் பற்றுகிறது. அந்தத் தீ துளை வழியே இறங்கிக் கருமருந்தைப் பிடிக்கிறது.

கருமருந்துக்குத் தீ வேண்டும். கேப்பில் இருக்கும் கலவைக்கு ஓர் அடி போதும். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்ள உலகத்துக்கு வெகுகாலம் பிடித்தது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, 1792ல் திப்புவிடமிருந்து பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறியபோது கேப் என்ற பொருளே கிடையாது. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டைக் கோட்டைகளில் அன்று சுட்டதெல்லாம் திரியால் பற்றவைத்ததோ, சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறந்ததோதான். 1800ல் எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் பாதரச ஃபல்மினேட் என்ற, அடித்தால் வெடிக்கும் பொருளைப் பற்றி எழுதினார். இந்த மாதிரிப் பொருள்களைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர், ஸ்காட்லாந்தில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத். அவருக்குப் பறவை வேட்டையில் ஆசை. சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே புகையும் வெளிச்சமும் வரும், பிறகுதான் குண்டு கிளம்பும். அந்த இடைவெளியில் பறவை எழுந்துவிடும். அதற்கு வழி தேடித்தான் 1807ல் காப்புரிமை வாங்கினார். அவருடையது கேப் இல்லை, தூளைத் தட்டி எடுக்கிற ஒரு சின்னக் குப்பி அமைப்பு. செம்புக் கிண்ணம் அதற்குப் பிறகு வந்தது. அதை முதலில் செய்தது நான்தான் என்று பலர் உரிமை கொண்டாடினார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஓவியர் ஜோஷுவா ஷா 1822ல் அங்கே காப்புரிமை பெற்றார்.

1834ல் இங்கிலாந்தின் வுல்விச்சில் இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். வகைக்கு 6,000 முறை சுட்டதில் சக்கிமுக்கி 922 முறை வெடிக்கவில்லை, கேப் வகை 36 முறைதான். இந்தக் கணக்கு போர்க்களத்தில் எப்படி முடியும் என்பதை நம் பக்கத்துச் சிப்பாய்களே அனுபவித்தார்கள். 1841 மே மாதம், சீனாவில் அபினிப் போர் நடந்துகொண்டிருந்தபோது, கான்டன் நகருக்கு வெளியே மதராஸ் 37வது காலாட்படையின் ஒரு கம்பெனி (சிறு படைப்பிரிவு) பெருமழையில் வழி தவறியது. அவர்கள் கையில் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். நனைந்துபோய் ஒன்றும் வெடிக்கவில்லை. சுற்றி வளைத்த கூட்டத்தைத் துப்பாக்கிமுனைக் கத்தியால் தடுத்துக்கொண்டே நின்றார்கள். கேப் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் தேடி வந்து அதே மழையில் சுட்டுத்தான் அவர்களை மீட்டார்கள்.

சரி, அளவுக்கு வருவோம். உலகச் சந்தையில் அதிகம் புழங்குகிற அளவுகள் மூன்று. 10ஆம் எண், 11ஆம் எண் இரண்டும் சின்னவை, உள்விட்டம் நான்கு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மூன்றாவது மஸ்கட் (பழைய பட்டாளத் துப்பாக்கி) கேப், ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர். அதன் விளிம்பு நான்கு இதழாக வெளியே விரிந்திருக்கும். குளிரில் விறைத்த விரலாலும் பட்டாளத்துக்காரன் எடுத்து மாட்ட வேண்டும் என்பதற்காக வந்த வடிவம் அது. 11ஆம் எண்ணுக்கான நிப்பிளில் மஸ்கட் கேப்பை வைத்தால் தளர்ந்து விழும். மஸ்கட் நிப்பிளில் 11ஆம் எண் ஏறவே ஏறாது. இதுவரை குழப்பம் இல்லை.

குழப்பம் 10க்கும் 11க்கும் நடுவில்தான். இந்த எண்களுக்கு எல்லாத் தயாரிப்பாளரும் ஒப்புக்கொண்ட ஒரே அளவு கிடையாது. அமெரிக்காவின் ரெமிங்டன் 10ஆம் எண் கேப், சிசிஐ நிறுவனத்தின் 10ஆம் எண்ணைவிடக் கொஞ்சம் உயரமானது. சிசிஐ 10 இறுக்கமாக இருக்கிற நிப்பிளில் ரெமிங்டன் 10 ஒழுங்காக உட்காரும் என்பது அங்கே துப்பாக்கி சுடுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஜெர்மனியின் ஆர்டபிள்யூஎஸ் நிறுவனம் 10, 11 என்று போடாமல் 1075 என்று தன் வழியில் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஆகவே ‘பதினொன்று கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிவந்தால் பாதிதான் சரி. எந்தத் தயாரிப்பாளரின் பதினொன்று என்பது மீதிப் பாதி. நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கைவேலையாகச் செய்த பழைய துப்பாக்கிகளில் நிப்பிள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்காது. பக்கத்துக் கொல்லைக்காரருக்குப் பொருந்துகிற கேப் உங்களுக்கும் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

பொருத்தத்தை எப்படிப் பார்ப்பது? மருந்து எதுவும் கெட்டிக்காத, காலியான துப்பாக்கியில்தான் பார்க்க வேண்டும். காலிதானா என்பதை நினைவை நம்பி முடிவு செய்யாதீர்கள். குழலுக்குள் கெட்டிக்கிற கம்பியை விட்டு, அது அடிவரை போகிறதா என்று பாருங்கள். குழல்வாய் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும். கேப்பைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் அது முழுக்க இறங்கி, நிப்பிளின் தலை கிண்ணத்தின் அடியைத் தொட வேண்டும். பிறகு துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி லேசாக ஆட்டினாலும் விழக்கூடாது. இந்த இரண்டும் நடந்தால் அதுதான் உங்கள் கேப்.

முழுக்க இறங்காமல் மேலே தொக்கி நிற்கிறதென்றால் இறுக்கம் அதிகம். இதை வைத்துச் சுட்டால் குதிரையின் முதல் அடி, கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். அதனால்தான் முதல் தடவை டிக்கென்று சத்தம் மட்டும், இரண்டாம் தடவை குதிரையை இழுத்து விட்டால் வெடிப்பு. ‘ரெண்டாவது அடிக்குத்தான் கேக்குது’ என்று சொல்கிற துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த ரகம். இறுக்கமான கேப்பைக் குதிரையாலோ இரும்பாலோ தட்டி இறக்குவது மிக ஆபத்து. விரலாலும் முடியவில்லையென்றால் வேறு அளவு வாங்குவதுதான் வழி. தளர்வாக இருந்தால் வேறு தொல்லை. நடக்கும்போது விழுந்துவிடும், அல்லது வெடிக்கும்போது செம்புத் துண்டு பின்னால் தெறிக்கும். தளர்ந்த கேப்பைக் கிள்ளி நசுக்கிப் பிடிக்க வைக்கிற பழக்கம் உலகம் முழுக்க உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. விரல் நடுவே கிள்ளுவது, அடித்தால் வெடிக்கிற பொருளை.

நிப்பிளையும் பார்க்க வேண்டும். கேப் வைக்காமலே குதிரையை விட்டு விட்டு விளையாடினால் நிப்பிளின் தலை தட்டையாகிக் காளான் மாதிரி விரிந்துவிடும். அப்புறம் எந்த அளவு வாங்கினாலும் இறங்காது. மாற்றுவது லேசான வேலைதான், ஆனால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும். ஆயுதச் சட்டத்தின்படி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் தேவை. லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்துகொள்வது கொடுப்பவருக்கும் கடைபவருக்கும் வம்பு.

அளவு சரி, கேப்பும் வெடிக்கிறது, உள்ளே இருக்கும் மருந்து மட்டும் பிடிக்கவில்லை என்றால் அடைப்பைத் தேடுங்கள். முக்கால்வாசி நேரம் எண்ணெய்தான். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். துருப்பிடிக்கக் கூடாது என்று நாமும் தாராளமாக எண்ணெய் பூசிக் கொடுப்போம். சில வாரம் நின்றபடியே இருந்ததில் எண்ணெய் இறங்கி நிப்பிள் துளையில் தேங்கும். திரும்ப வாங்கிவந்த அன்றே மருந்து கெட்டித்தால் நிச்சயம் ஏமாற்றம்தான். முதலில் துடைத்து, மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்து, பிறகு காலித் துப்பாக்கியில் ஒன்றிரண்டு கேப்பை மட்டும் வெடித்துப் பாருங்கள். அதற்கு அனுமதியுள்ள, பாதுகாப்பான இடத்தில், குழல்வாயைத் தரையில் கிடக்கும் ஒரு காய்ந்த இலைக்கு அருகே காட்டி வெடித்தால் இலை துள்ளும். துள்ளினால் வழி திறந்திருக்கிறது. துள்ளாவிட்டால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

கலவையைப் பற்றியும் கொஞ்சம். தொடக்ககாலக் கேப்களில் பாதரச ஃபல்மினேட் இருந்தது. பிறகு பொட்டாசியம் குளோரேட் சேர்ந்த கலவைகள் வந்தன. குளோரேட் எரிந்தால் உப்பு மிஞ்சும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும், எண்ணெய்த் துணியால் துடைத்தால் போகாது, தண்ணீர்தான் கரைக்கும். இன்று வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்கள் செய்பவற்றில் பெரும்பாலும் ஈயம் கலந்த ஸ்டிஃப்னேட் கலவை. துரு தொல்லை குறைவு, ஆனால் ஈயம் என்பதால் கையாண்ட பிறகு கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. எந்த வகைக் கேப் என்று தெரியாவிட்டால் துரு வரும் வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கருமருந்துக் கரியைப் போக்க எப்படியும் வெந்நீர் ஊற்றிக் கழுவத்தான் வேண்டும், அதே வேலையில் உப்பும் போய்விடும்.

‘மேக்னம்’ என்று போட்ட, சூடு அதிகமான கேப்களும் உண்டு. கருமருந்துக்குப் பதிலாக விற்கிற மாற்றுத் தூள்கள் சீக்கிரம் பற்றாது, அவற்றுக்காக வந்தவை இவை. நல்ல கருமருந்து எளிதில் பற்றிக்கொள்ளும். அதற்குச் சாதாரணக் கேப்பே தாராளம்.

இனி, வாங்குவது. இது வேறெந்தச் சாமான் வாங்குவது போலவும் இல்லை. ஆயுதச் சட்டம் வெடிமருந்துப் பொருள் என்று சொல்லும் வரையறைக்குள் அடித்தால் வெடிக்கும் கலவை அடங்கிய பொருள்களும் வருகின்றன. ஆகவே துப்பாக்கி இல்லாமல் கேப் மட்டும் வைத்திருந்தாலும் உரிமம் வேண்டும். வாங்குமிடம் உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளர் கடை ஒன்றுதான். மாவட்ட ஆட்சியர் வழங்கிய உரிமம் நடப்பில் இருக்க வேண்டும், தனி அடையாள எண் அதில் ஏறியிருக்க வேண்டும், எவ்வளவு வாங்கலாம் என்ற வரம்பும் அதிலேயே எழுதியிருக்கும். வாங்கியதைக் கடைக்காரர் பதிவு செய்வார். பதிவு செய்யாமல் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூர் பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே போய் வாங்கலாம் என்று தோன்றும். உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதை முதலில் படியுங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று இருந்தால் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டிய பிறகு அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இல்லை.

நான் மேலே சொன்ன வெளிநாட்டுப் பெயர்களை நம் கடைகளில் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவிலேயே 2020க்குப் பிறகு கொஞ்ச காலம் இவை அலமாரியில் தங்கவில்லை. கடையில் என்ன இருக்கிறதோ அதில்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், அதனால் பார்த்து எடுப்பது இன்னும் முக்கியம். மூடிய, தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட பெட்டியா என்று பாருங்கள். உதிரியாக எண்ணிக் காகிதத்தில் மடித்துத் தருவதை வாங்காதீர்கள். வரம்பு இடம் கொடுத்தாலும் முதல் தடவையே மொத்தமாக வாங்க வேண்டாம். ஒரு சின்னப் பெட்டி வாங்கி, உங்கள் நிப்பிளில் பொருந்துகிறதா, முதல் அடிக்கே வெடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே தொகுதி எண்ணில் மறுபடி வாங்குங்கள். செம்பில் பச்சை பூத்திருந்தாலோ, உள்ளே படலம் உரிந்திருந்தாலோ, பெட்டியின் அடியில் தூள் கிடந்தாலோ அந்தப் பெட்டியைத் தொடாமல் கடைக்காரரிடமே சொல்லிவிடுங்கள்.

கேப்புக்குப் பதிலாக வேறெதையாவது வைத்துச் சமாளிக்கும் யோசனைகள் ஊரில் நிறையச் சுற்றும். தீபாவளிப் பொட்டுக் கேப், தீக்குச்சி மருந்து என்று சொல்வார்கள். அவை ஒரே சீராக வெடிப்பதில்லை, பாதி வெடித்துப் பாதி பொசுங்கிக்கொண்டிருக்கும், நிப்பிளில் உட்கார்ந்திருக்கும்போதே வெடித்துவிடவும் கூடும். சட்டமும் இடம் கொடுக்காது. கிருஷ்ணகிரி பக்கம் கல்குவாரி நிறைய என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்: குவாரியில் கேப் என்று சொல்லப்படுவது பாறை வெடிக்கு வைக்கிற டெட்டனேட்டர். அது கையையே கொண்டுபோய்விடும். துப்பாக்கிப் பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை.

வைத்திருக்கும்போது வந்த பெட்டியிலேயே வையுங்கள். கருமருந்து ஓர் இடம், கேப் வேறோர் இடம், இரண்டும் பூட்டுக்குள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிப் பனியிலும், ஒகேனக்கல் ஆற்றோரத்திலும் ஈரம் ஏறும். மூடி இறுக்கமான டப்பாவுக்குள் பெட்டியை வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டால் போதும். அடுப்பு மேடை, மின்மோட்டார் கொட்டகை, சித்திரை வெயிலில் காயும் தகரக் கூரைக்கு அடி, இவை மூன்றும் வேண்டாம். ஈரம் பட்டதை வெயிலில் காயவைத்து மீட்கலாம் என்பது தவறான யோசனை. சட்டைப் பையில் சில்லறையோடு உதிரிக் கேப் போட்டுக்கொண்டு திரிவதும் அப்படித்தான்.

பயன்படுத்தும் நேரத்தில் கேப்தான் கடைசி. மருந்து கெட்டித்து, குழல் பாதுகாப்பான பக்கம் பார்த்து, சுடத் தயாரான பிறகுதான் நிப்பிளில் ஏற வேண்டும். பரணில் ஏறும்போது, இறங்கும்போது, வேலி தாண்டும்போது கேப் நிப்பிளில் இருக்கவே கூடாது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி அவசியம், ஏனென்றால் செம்பு கிழியும்போது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. வெடிக்காமல் போனால் அவசரப்பட்டுத் திருப்பிப் பார்க்காதீர்கள். உள்ளே மருந்து மெல்லப் பொசுங்கிக்கொண்டிருந்து சற்றுத் தாமதமாக வெடிக்கக்கூடும். குழலை அதே பாதுகாப்பான திசையிலேயே பிடித்துக் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருங்கள். பிறகு பழைய கேப்பை எடுத்துவிட்டு, முகமும் கையும் குழல்வாய்க்கு முன்னால் வராமல், புதியதை வையுங்கள்.

பயிருக்காக வாங்கிய உரிமம், விலங்கைச் சுடுவதற்கான அனுமதி அல்ல. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றிக்கும் பொருந்தும். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014லும், காவிரி தெற்கு 2022லும் அறிவிக்கப்பட்ட பிறகு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காட்டோரக் கிராமங்களில் கண்காணிப்பும் கூடியிருக்கிறது. ரவை போடாமல் மருந்து மட்டும் வைத்துச் சத்தம் எழுப்புவதற்கும் உரிமத்தின் நிபந்தனை இடம் தருகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, பலருக்கும் வருகிற கேள்வி: தாத்தா காலத்துப் பெட்டியைக் கிளறும்போது ஒரு கேப் டப்பா கிடைக்கிறது, உரிமம் அவரோடு முடிந்துவிட்டது, என்ன செய்வது? அதை வெடிக்குமா என்று தட்டிப் பார்க்கக் கூடாது, தீயில் போடக் கூடாது, குப்பையிலும் கிணற்றிலும் வீசக் கூடாது. உரிமம் இல்லாமல் போன பொருளை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21வது பிரிவு சொல்கிறது. டப்பா பழையது, செம்பு பச்சை பூத்தது என்றால் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகும்போது ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.